சில்லென்றிருந்த ஈயக் கரண்டி

பொஸ்னியாவின் தூஸ்லா நகரில் பயத்துக்கு மருந்து ஈயம். பயந்தவரின் தலையைச் சிவப்புத் துணியால் மூடி, அதற்கு மேலே தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்து, அதில் உருக்கிய ஈயத்தை ஊற்றினால், பயமுறுத்தியதன் உருவம் வந்து நிற்குமாம், பயம் ஓடிவிடுமாம். ஊற்றுகிறவள் பெஹ்கா. வியன்னாவிலிருந்துகூட அவள் வாசலுக்குக் கார்கள் வந்தன. படித்தவர்கள் காரை நிழலில் நிறுத்தினார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

கடையில் கல்லாவில் உட்காரும் ஸும்ராவுக்கு மூன்று மாதமாகத் திடீரென்று நெஞ்சு படபடக்கும், விரல்கள் மரத்துப்போகும், இதோ சாகப்போகிறோம் என்று தோன்றும். இதயத்தில் கோளாறில்லை, இது பீதி, ஏறும், தானே இறங்கும், ஓடாமல் மூச்சை மெல்ல விட்டபடி கடிகாரத்தைப் பார் என்றார் மருத்துவர். இவ்வளவு எளிதாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? நாத்தனார் ஹஸ்னியா அவளைப் பெஹ்காவிடம் இழுத்துப்போனாள்.

வரிசையில் எல்லாருக்கும் ஈயத்தில் நாய் உருவமே வந்தது. வங்கி மேலாளருக்கும் நாய்தான்.

ஸும்ராவின் தலையில் சிவப்புத் துணி விழுந்ததுமே பீதி வந்துவிட்டது. எழுந்து ஓடத் தோன்றியது. ஓடவில்லை. துணிக்குள்ளேயே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை மெல்ல விட்டாள். வெளியே பெஹ்கா, எரிவாயு தீர்ந்துபோனதற்காக யாரையோ கிசுகிசுப்பாகத் திட்டிக்கொண்டிருந்தாள். துணியின் ஓரத்து இடைவெளியில் காலி சிலிண்டர் ஒன்று உருண்டு போவது தெரிந்தது. பதினோராவது நிமிடம் நெஞ்சு அடங்கியது. பன்னிரண்டாவது நிமிடம், ஈயம் தண்ணீரில் விழும் 'உஸ்ஸ்ஸ்' சத்தம் கேட்டது. அந்த உஸ்ஸில் வெங்காய வாசனை அடித்தது.

துணியை விலக்கினாள். பெஹ்கா ஓர் ஈயத்துண்டை நீட்டி, "நாய்தான். போயிடுச்சு பாரு உன் பயம்" என்றாள்.

ஸும்ரா அதை வாங்கவில்லை. அடுப்பிலிருந்த கரண்டியை வெறுங்கையால் எடுத்தாள். சில்லென்றிருந்தது. உள்ளே ஈயம் உருகாமல் முழுசாகக் கிடந்தது. கரண்டியை வரிசையில் கைமாற்றி விட்டாள்.

"அப்ப உஸ்ஸுன்னு கேட்டதே?" என்றாள் ஹஸ்னியா.

"வாயால போட்டாங்க அண்ணி. மதியம் வெங்காயத்தோட கபாப் சாப்பிட்டிருக்காங்க."

"பின்ன, பயம் எப்படிப் போச்சு?"

"எப்பவும் போற மாதிரிதான். பத்துப் பதினோரு நிமிஷத்துல அதுவா அடங்கிடுது. அதுவரைக்கும் நம்மள உட்கார வைக்கிறதுதான் இவங்க வேலை."

ஹஸ்னியாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அது வரிசை நெடுகப் பரவி வாசலைத் தாண்டிக் கார்கள் வரை போனது. வங்கி மேலாளர் கரண்டியைத் தடவிப் பார்த்து, தானும் ஒருமுறை உஸ்ஸ் என்றார். சக்தியே தன் மூச்சில்தான் இருக்கிறது என்று பெஹ்கா சமாளித்தாள். அதற்குப் பிறகு யாராலும் நிற்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஸும்ராவுக்கு அதன்பின்னும் பீதி வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று கல்லாவிலேயே உட்கார்ந்தாள். மருத்துவரிடமும் தவறாமல் போனாள். வசந்தம் முடிவதற்குள் அது வருவதே அரிதாயிற்று.

பெஹ்கா இப்போது பக்கத்து ஊரில் காப்பிக் கோப்பை பார்த்துக் குறி சொல்கிறாளாம். அங்கும் கூட்டம். 'இது நிஜந்தானா' என்று ஒரு கேள்வி கேட்பதற்கு வரிசையும் இல்லை, கட்டணமும் இல்லை; அதனால்தானோ என்னவோ, அந்தப் பக்கம் ஆளையே காணோம்.