வெயில் ஆகாத சைக்கிள்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததே, அது ஒருநாள் அமீரகத்துப் புஜைராவில் எங்கள் எண்ணெய்க் கிடங்குக் கம்பெனியின் வரவேற்பறையை வந்தடைய வேண்டும் என்பதற்காகத்தான். ‘பாரம்பரியம் மற்றும் ஊழியர் நலக் குழு’வின் செயலாளர் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் சொல்கிறேன்.

தொழிலாளர் தங்கும் கேம்ப்பிலிருந்து வந்த பஸ்ஸை நிறுத்தி, ஊழியர்களுக்கு ‘நடக்கும் வாய்ப்பை’ வழங்கியதும் எங்கள் குழுதான். அந்த வாய்ப்பைத் தட்டிக்கழித்தவர் ஒருவர்தான்: டேங்க் கழுவும் முதுகுளத்தூர் ஐயப்பன். கம்பெனியின் பழைய இரும்புக் குவியலில் கிடந்த ஒரு சைக்கிளை எடுத்து, செயின் மாற்றி, அதில் டியூட்டிக்கு வந்துகொண்டிருந்தார்.

கேட்டில் அதைக் கண்ட எங்கள் நாகர்கோவில் மேனேஜர் கிறிஸ்துதாஸ் காரை நிறுத்தினார்.

“என்ன ஓய், சீட்டுக்குக் கீழ கம்பியே இல்ல?”

“முன்னாலருந்து ஒரு பட்டை நீண்டு வருது பாருங்க சார், அது நுனியிலதான் சீட்டு. குழியில விட்டா சக்கரம்தான் அடி வாங்கும். மேல உக்காந்திருக்கவனுக்கு ஒண்ணுமே தெரியாது.”

மேனேஜருக்கு நெஞ்சு விம்மியது. நிர்வாகக் கலையை இத்தனை சுருக்கமாக அவருக்கு யாரும் சொன்னதில்லை.

போனில் தேடினார். மலைப்பாதை சைக்கிளுக்கு அதிர்வைக் குறைக்க ஆரம்ப காலத்தில் நடந்த விசித்திர முயற்சியாம். இப்போது யாரும் செய்வதில்லையாம். அவசரக் கூட்டம் கூடியது. குவியல் கம்பெனியுடையது, எனவே சைக்கிளும் கம்பெனியுடையது, எனவே பாரம்பரியம். வரவேற்பறையில் கண்ணாடிக் கூண்டு, இரவும் பகலும் ஏசி, நான்கு மொழிகளில் ஒரு போர்டு: ‘அரிய பொருள். வெயில் ஆகாது.’

திறப்பு விழாவில் மேனேஜர் ஏறி அமர்ந்தார். சீட்டு மேலும் கீழுமாகத் தலையாட்டியது. குழுவும் ஆட்டியது.

“சார், அப்ப நான் டியூட்டிக்கு எதுல வர்றது?” என்றார் ஐயப்பன்.

“நடந்து வாரும் ஓய். உடம்புக்கு நல்லதுல்லா. சைக்கிள் படம் போட்ட டீ-ஷர்ட் ஒண்ணு தரச் சொல்லுதேன்.”

ஆகஸ்ட் வந்தது. ஒருநாள் அந்த டீ-ஷர்ட்டைப் பிழியலாம் என்ற நிலையில் உள்ளே வந்த ஐயப்பன், கால் தள்ளாடி, கூண்டில் சாய்ந்துகொண்டார்.

“கண்ணாடியில வேர்வை படுது பாருங்க” என்றேன், கடமை உணர்வோடு.

தள்ளி நின்றார். போர்டை மெதுவாகப் படித்தார். “சார், இதே மாதிரி ஒண்ணு எழுதி என் கழுத்துலயும் மாட்டி விடுங்களேன்.”

கோரிக்கையைக் குழு கனிவுடன் பரிசீலித்து, ஏகமனதாக நிராகரித்தது. காரணத்தையும் நானே எழுதினேன்: ‘இந்தச் சைக்கிள் போனால் இன்னொன்று கிடைக்காது. ஐயப்பன் போனால், ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போதும்.’