விழுந்தவரை அசைக்கக் கூடாது

ஒரு துணியை ஆட்டினால் புயல் மாதிரி வருகிற கார்கூட அடங்கிப் போகிறது. என் வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் டிவி சத்தம் குறையாது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் ஐயா, பேரன் எடுக்கிற வயசில் நான் மார்ஷல் பயிற்சிக்குப் போனேன்.

மார்ஷல் என்றதும் பட்டாளம் என்று நினைத்துவிடாதீர்கள். கார் பந்தயத்தில் வளைவுக்கு வளைவு ஆரஞ்சு உடுப்பில் கொடியோடு நிற்பார்களே, அந்த ஆசாமிகள். கார் புரண்டால் போய்ப் பார்ப்பது, தீப்பிடித்தால் அணைப்பது, ரோட்டில் எண்ணெய் கொட்டினால் கூட்டுவது. சம்பளம் கிடையாது. மத்தியானத்துக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், குடும்பத்துக்கு இரண்டு பாஸ். அவ்வளவுதான்.

நான் திரைச்சீலைக் கடையில் தையல்காரன். பந்தய மைதானத்துக்காரர்கள் கொடி தைக்கக் கொடுத்தார்கள். தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில், மஞ்சள் கொடி சரியாக விரிகிறதா என்று சும்மா ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தேன். பயிற்சி ஓட்டத்தில் இருந்த கார் ஒன்று படக்கென்று பம்மியது. மைதானத்துக்காரர்கள் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு ஒன்றுமே காதில் விழவில்லை. உலகத்தில் ஒருத்தன் என் பேச்சைக் கேட்டிருக்கிறான். அதுவும் நான் பேசாமலே. அன்றைக்கே பேர் கொடுத்துவிட்டேன்.

சொல்லிக் கொடுத்தவருக்குப் 'பெரிய விசில்' என்று பெயர். எழுதிப் படிக்கிற பழக்கம் எனக்குக் கம்மி. வாய்விட்டுச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். அதனால் அவர் சொன்ன பாடத்தையெல்லாம் சாயங்காலம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஒப்பிப்பேன். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள்.

"எதுக்கும் ஓடக் கூடாது. இடம் பாதுகாப்பா இருக்கான்னு மொதல்ல பாக்கணும். அப்புறம்தான் கால் வைக்கணும்."

"கல்யாணத்துக்கு முன்னாடியே இத யாராச்சும் எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"வண்டி வர்ற பக்கம் முதுகு காட்டக் கூடாது."

"அதான் என்னைக் கண்டா செவுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்களா?"

"நீலக் கொடி காட்டினா, பின்னால வேகமானவன் வர்றான், ஒதுங்கி வழி விடுன்னு அர்த்தம்."

"நல்ல கொடியா இருக்கே. வீட்டுக்கு ஒண்ணு தச்சுட்டு வாங்க."

நான் விடுவதாக இல்லை. "கேளு. அடிபட்டு விழுந்தவனை அசைக்கக் கூடாது. அவன் 'எனக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்'னுதான் சொல்லுவான். நம்பிடக் கூடாது. அதிர்ச்சியில வலி தெரியாது. நல்லா இருக்கேன்னு எந்திரிக்கிறான் பாரு, அவனைத்தான் மொதல்ல பிடிச்சு அமுக்கணும்."

வெங்காயம் உரிக்கிற கை நின்றது.

"இது நல்ல பாடம்," என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை நான் இரண்டு தடவை வைத்துக்கொண்டேன்.

இந்தப் படிப்பு வீட்டுக்கு உதவுமா என்று கேட்பீர்கள். உதவத்தான் செய்தது. ஒருநாள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி குப்பென்று பற்றிக்கொண்டது. நான் ஓடவில்லை. பாடப்படி நின்றேன். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும், அப்போதுதான் தீயை நெருங்கலாம். காற்று எந்தப் பக்கம் என்று விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பார்த்தேன். அடுப்படியில் ஏது காற்று? ஜன்னலைத் திறந்து பார்க்கலாம் என்று திரும்புவதற்குள் அவள் சட்டியின் மேல் ஒரு மூடியைப் போட்டாள், அடுப்பை அணைத்தாள், புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"காத்து கெடச்சுதா?" என்றாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மின்விசிறி நின்றால்கூட, "ஏங்க, காத்தத் தேடுங்க," என்பதுதான் பேச்சு.

சரி, சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஒரு காலம் வரும் என்று இருந்தேன். வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற பெரிய பந்தயம். கடைசியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடியை ஆட்டுவார்கள் இல்லையா, அதை ஆட்டினால்தான் பந்தயம் முடிந்ததென்று கணக்கு. பெரிய விசில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தச்ச கையே ஆட்டட்டும். ஞாயித்துக்கிழமை நீங்கதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு கட்டமும் நான் வெட்டி நான் ஒட்டுப்போட்டது. அத்தனை காரும், அத்தனை ஜனமும் அந்த ஒரு துணிக்குக் காத்திருக்கும். செத்தால் சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டாமா மனுஷனுக்கு?

இதை வீட்டில் சொன்னபோது மச்சினனும் அங்கேதான் இருந்தான். மனைவியின் தம்பி, பேக்கரியில் ரொட்டி அடுப்புப் பார்க்கிறவன். நல்ல பையன்தான். அதுதான் கஷ்டம், கோபித்துக்கொள்ள முடியாது.

"அய்யய்யோ மாமா," என்றான். "அந்தச் சனி ஞாயிறுலதான் நாங்க வீடு மாத்தறோம். மூணாவது மாடி. உங்களை நம்பித்தான் பீரோவ வெச்சிருக்கேன்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் என் கால் விரலைப் பார்த்தேன்.

"வருவார்டா," என்றாள் அவள்.

எனக்குப் பந்தயம் இருக்கிறது, வர முடியாது. மொத்தமே சின்னச் சின்ன வார்த்தைகள். வாய் வரைக்கும் வரும், பல்லைக் கண்டதும் திரும்பிப் போய்விடும். சாப்பிடும்போது சொல்லலாம் என்றிருந்தேன். அவள் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றினாள், சொல்ல மனசு வரவில்லை. துணி மடிக்கும்போது சொல்லலாம் என்றிருந்தேன். என் சட்டையையே மடித்துக்கொண்டிருந்தாள். இப்படியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழுந்துவிடுவது. இடுப்பு பிடித்துக்கொண்டது என்பது. இடுப்பு பிடித்தவனைப் பீரோ தூக்கச் சொல்ல எந்தச் சட்டத்திலும் இடமில்லை. சனிக்கிழமை கிடப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் 'அட, விட்டுடுச்சே' என்று எழுந்து மைதானத்துக்குப் போய்விடுவது. முடியாது என்று சொல்லத் தைரியம் இருக்கிறவனுக்குச் சுளுக்கு எதற்கு? இல்லாதவனுக்கு அதுதான் ஆயுதம்.

நடையில் இடம் பார்த்தேன். பாய் ஒன்று விரித்திருந்த இடம். "ஐயோ அம்மா" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். அப்புறம் மெதுவாகக் குந்தி, உட்கார்ந்து, சாய்ந்து, காலை நீட்டிப் படுத்து, முகத்தைக் கோணிக்கொண்டேன்.

உள்ளறையிலிருந்து அவள் வந்தாள். கையில் மடித்த துணி ஏதோ இருந்தது. ஓடி வரவில்லை. வாசற்படியில் நின்று இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். கைத்துணியை நாற்காலியில் வைத்தாள்.

"என்னாச்சு?"

"விழுந்துட்டேன். இடுப்பு..."

"அசையாதீங்க."

"ஒரு கை குடுத்தா எந்திரிச்சுக் கட்டில்ல..."

"அசையக் கூடாதுங்க. முதுகெலும்பு. விளையாட்டா?"

அலமாரியிலிருந்து இரண்டு மாவு டப்பாவை எடுத்துவந்து என் தலைக்கு இரண்டு பக்கமும் வைத்தாள். நம்மிடம் படித்ததுதானே என்று அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகு ஜன்னலைத் திறந்து கீழ் வீட்டு நர்சக்காவைக் கூப்பிட்டாள். நர்சக்கா பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் பிறந்த பிள்ளை பயத்திலேயே அழும் என்பார்கள்.

நர்சக்கா என் உள்ளங்காலில் ஊசியால் குத்தினார்.

"வலிக்குதா?"

வலிக்கிறது என்பதா, இல்லை என்பதா? இதற்கு ஒத்திகை பார்க்கவில்லை.

"லேசா," என்றேன்.

இன்னும் ஆழமாகக் குத்தினார். நான் கத்தினதில் கீழ் வீட்டு நாய் குரைத்தது.

"கால் நல்லா இருக்கு," என்றார். "இடுப்புதான். அலுங்காம தரையிலயே கெடக்கட்டும். திங்கக்கிழமை வரைக்கும்."

"திங்களா?" என்றேன். "நாளைக்கு மட்டும் போதும்க்கா. எனக்கு இப்பவே தேவல. இதோ பாருங்க, நல்லா இருக்கேன்." எழுந்தே விட்டேன், பாதி.

இரண்டு பொம்பளைகளும் ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்து அமுக்கினார்கள்.

"நல்லா இருக்கேங்கிறாரு பாத்தீங்களாக்கா?" என்றாள் என் மனைவி. "அதிர்ச்சி. இப்படிச் சொல்றவங்களத்தான் நம்பவே கூடாது."

அப்புறம் என் போனை எடுத்தாள். பெரிய விசிலுக்குத் தகவல் சொன்னாள் பாருங்கள், எங்கள் கூட்டத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எந்த இடம், என்ன நடந்தது, எத்தனை பேருக்கு அடி, என்ன உதவி வேண்டும், இனி ஆபத்து உண்டா. எல்லாம் வரிசையாக. அந்தப் பக்கம் விசில் சொன்னது எனக்கே கேட்டது.

"சபாஷ்மா. அடிபட்டவரை டாக்டர் சீட்டு இல்லாம வளைவுல நிறுத்த மாட்டோம், அது விதி. கொடிக்கு வேற ஆள் போட்டுக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க."

நான் கவலைப்பட்டேன். படுத்தபடியே.

சனிக்கிழமை விடிந்தது. மச்சினன் வந்தான். பனியனும் கயிறுமாக வருவான் என்று பார்த்தால், இஸ்திரி போட்ட சட்டையும் பழப் பையுமாக வந்து தலைமாட்டில் உட்கார்ந்தான்.

"மாப்ளே, வீடு மாத்தலயா?"

"அது அடுத்த வாரம் மாமா. மாமாவுக்கு ரேஸ் இருக்குடா, தள்ளி வைடான்னு அக்கா மறுநாளே சொல்லிடுச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு இடுப்பு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

அவன் போனதும் அவளைக் கூப்பிட்டேன். கழுவின தட்டுகளோடு வந்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்களா வாயத் தொறந்து, 'எனக்கு வேல இருக்கு, வர முடியாது'ன்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒரு வாரம் பாத்தேன். குழம்பு ஊத்தும்போது பாத்தேன், துணி மடிக்கும்போது பாத்தேன். சரி, இந்த மனுஷன் வாயிலேருந்து வராதுன்னு, நானே சொல்லிடலாம்னு உங்க ஆரஞ்சு உடுப்பத் தேச்சு எடுத்துட்டு வந்தேன். நீங்க பாயில படுத்திருந்தீங்க."

நாற்காலியைப் பார்த்தேன். உடுப்பு அங்கேயே மடிப்புக் கலையாமல் இருந்தது. பாக்கெட்டில் இரண்டு பாஸ் நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் விழல," என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா?"

"விழுந்தா மொதல்ல தடால்னு சத்தம் வரும், அப்புறம் ஐயோ வரும். உங்களுக்கு ஐயோதான் மொதல்ல வந்துச்சு. தடால் வரவேயில்ல."

"தெரிஞ்சுக்கிட்டேவா போன் போட்ட? அவர்கிட்ட இப்பவே சொல்லு, எனக்கு ஒண்ணுமில்லன்னு."

தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். எனக்கு முதுகு காட்டவில்லை. நேராகத்தான் பார்த்தாள்.

"என்னன்னு சொல்ல? பீரோ தூக்கப் பயந்து பொய்யா விழுந்தாருன்னா? நாளைக்கு ஒரு கொடிதானே போகுது. அதச் சொன்னா உங்கள அந்த வாசல்லயே சேக்க மாட்டாங்க." துடைத்த துணியை உதறித் தோளில் போட்டாள். பிறகு, "இத்தன வருஷத்துல ஒரு நாளாச்சும் நாலு பேரு உங்க பேச்சக் கேட்டு நிக்கிறதப் பாக்கணும்னு இருந்தேங்க. செருப்புகூடப் புதுசு வாங்கினேன்," என்றாள்.

  

ஞாயிற்றுக்கிழமை பாஸ் வீணாகக் கூடாது என்று அவளும் தம்பியும் பந்தயம் பார்க்கப் போனார்கள். காவலுக்கு நர்சக்கா. நான் அசைந்தபோதெல்லாம் ஊசிப் பெட்டியைத் திறந்து மூடினார். மத்தியானம் தாண்டி தூரத்தில் இரைச்சல் எழுந்து, பெரிதாகி, அடங்கியது. கொடி ஆட்டிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். மேலே கூரையில் ஒரு பல்லி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அதன் வேலையைப் பார்க்கப் போனது.

பொழுது சாயத் திரும்பி வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. புதுச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"ஆட்டினவன் சின்னப் பையன். பரவால்ல. கொடி தச்சது எங்க வீட்டுக்காரர்னு பக்கத்துல இருந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. "என்ன சொன்னாங்க?"

"ஏன் வரலன்னு கேட்டாங்க. பாவம், இடுப்புன்னேன்." என் தலைக்கு இரண்டு பக்கமும் இருந்த மாவு டப்பாவை எடுத்தாள். ஒரு கையைக் கொடுத்து என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். அந்தக் கை அத்தனை பதமாக இருந்தது. எல்லாம் மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு நர்சக்கா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ரெண்டு நாள் நல்லா ஓய்வு எடுத்தாச்சு. அடுத்த வாரம் இவரு பாரம் கீரம் தூக்கலாமா?"

நர்சக்கா என் இடுப்பில் ஒரு குத்து விட்டுப் பார்த்துச் சொன்னார்:

"மூணு மாடிக்கு பீரோவத் தனியாவே தூக்கலாம்."