மாடிப்படியில் மாட்டிய நாற்காலி

சேசு மரி சூசை

செம்பூர், 18-9-1966

அன்புள்ள தம்பி தனசீலனுக்கு அக்காள் தெரசம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்கால்களைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் வீட்டில் அனைவரும் கால் முதல் தலை வரை நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

அடுத்த மாதம் வந்து என்னைத் தூத்துக்குடிக்கே அழைத்துப் போவதாக எழுதியிருந்தாய். அதுவரை தாங்காது, உடனே புறப்பட்டு வா. தனியாகக் கிடந்தால் அக்காளுக்கு மனம் ஒடிந்துவிடும் என்று பயந்தாயே, தனியாகக் கிடக்க இங்கே யார் விடுகிறார்கள்? வெளியே போக முடியாத வயசாளிகளுக்குத் துணையாக இருக்க வேண்டுமென்று காலேஜிலிருந்து ரஷீதா, சண்முகவடிவு என்று இரண்டு தாராவிப் பெண்கள் சனிக்கிழமைதோறும் வருகிறார்கள். முதல் வாரம் பேப்பர் படித்துக் காட்டினார்கள். ரஷீதாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், தலைப்புச் செய்தி முடிவதற்குள் காப்பி ஆறிவிட்டது. அப்புறம் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். போன வாரம் வாய் தவறி, இந்த மூன்றாம் மாடியை விட்டு இறங்கி இரண்டு வருஷமாகிறது என்று சொல்லித் தொலைத்தேன். நேற்று இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிவந்து என்னை நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். "டரோ மத் பெரியம்மா, பயப்படாதீங்க, நாங்க பிடிச்சிருக்கோம்ல" என்றாள் ரஷீதா. பிடித்துத்தான் இருந்தார்கள். ஆனால் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலிக் கால்கள் கைப்பிடிக் கம்பிகளுக்குள் நுழைந்துவிட்டன. மேலேயும் போகாது, கீழேயும் வராது. எழுந்திருக்கவும் இடமில்லை. இறங்க வந்தவர்களும் ஏற வந்தவர்களும் வழியில்லாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மாட்டியது யார் வாசலில் தெரியுமா? பேராச்சி வாசலில். நான் காயப்போட்ட சேலைத் தண்ணீர் அவள் பால்கனி வத்தலில் சொட்டியதென்று மூன்று வருஷமாக என்னோடு பேசாதவள். கதவைத் திறந்து பார்த்தாள், உள்ளே போனாள், சாயாவோடு வந்தாள்.

"தண்ணி சொட்டுறத வச்சுதான் நீங்க இருக்கியன்னு தெரிஞ்சுக்கிடுவேன். போன மாசம் நாலு நாள் சொட்டல. எனக்குச் சோறு இறங்கல" என்றாள்.

அந்த நாலு நாளும் நான் காய்ச்சலில் கிடந்தேன். சாயாவைக் குடித்தேன்.

பிறகு நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் என்று அவளே படி முழுக்கச் சொல்லிவைக்க, ஒருவர் நாக்கை நீட்ட, ஒருத்தி பிள்ளையின் காதைக் காட்ட, தச்சர் வந்து நாற்காலிக் கால்களை அறுக்கும்வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்த இடத்திலேயே வைத்தியம் பார்த்தேன். விடுபட்டபோது தெருவில் கொட்டுகிற மழை. மறுபடி மேலேயே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். இந்த அமளியில் ஒரு மனுஷி நிம்மதியாக இருக்க முடியுமா, நீயே சொல்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அக்காளின் ஆசீர். மழையில் நனையாமல் இருங்கள்.

இப்படிக்கு,
தெரசம்மாள்

பின்குறிப்பு: டிக்கெட் எடுக்க வேண்டாம். யோசித்துப் பார்த்தேன், உன் வீட்டில் மாடிப்படியே கிடையாது. அங்கே வந்து நான் என்ன செய்வேன்?