என் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்த இன்ஸ்பெக்டர்

பொறாமைப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். பக்கத்து மேஜைக்காரனுக்குப் பதவி உயர்வு, தம்பிக்குச் சொந்த வீடு என்று வயிறெரிந்தால் நாலு பேர் புரிந்துகொள்வார்கள். நான் வயிறெரிந்தது உலகத்திலேயே இல்லாத ஒரு மனிதரைப் பார்த்து. அவருக்கு ரேஷன் கார்டு கிடையாது. செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு டிவியில் வருவார், எட்டு மணிக்குப் போய்விடுவார். பெயர் இன்ஸ்பெக்டர் சத்யசீலன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கும் ரோஸ்லினுக்கும் நிச்சயமாகியிருந்தது. நான் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் சாந்தோமில் பட்டினப்பாக்கத்தை ஒட்டிய தெரு, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் டீச்சர். அவளுடைய அப்பா ரிட்டயர்டு தமிழாசிரியர். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மாப்பிள்ளை பெண் வீட்டுப் படியேறக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். எனவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில், இரண்டு குடும்பமும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க, கொஞ்ச நேரம் பேசலாம். அவ்வளவுதான் எங்கள் காதல்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் ரோஸ்லின் என்ன பேசினாள் என்று நினைக்கிறீர்கள்?

"இந்த வாரம் பார்த்தீங்களா? செத்துப்போன பையனோட அம்மாகிட்ட விஷயத்தைச் சொல்றதுக்கு முன்னாடி தொப்பியைக் கழட்டி கக்கத்துல வச்சுக்கிட்டார். எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"ஓ" என்றேன். (வேறு என்ன சொல்வது? எனக்குத் தொப்பியே கிடையாது.)

அடுத்த ஞாயிறு, அவர் சந்தேகப்படும் ஆளை ஒரு அதட்டல்கூடப் போடாமல் டீ வாங்கிக் கொடுத்தே உண்மையைக் கறந்த அழகு. அதற்கடுத்த ஞாயிறு, யோசிக்கும்போது பென்சிலால் மேஜையில் மெதுவாகத் தட்டும் அழகு. அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு எனக்கு அதுவரை வந்து சேரவில்லை. என்னைப் பார்த்து அவள் சிரித்தது, பஸ்ஸில் சில்லறை கொடுத்த கண்டக்டரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

அந்தத் தொடரில் அப்படி என்ன இருந்தது என்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். சண்டை கிடையாது. ஒரே ஒரு ஜீப். போலீஸ் ஸ்டேஷன் கதவைச் சாத்தினால் சுவரே ஆடும், அப்படிப்பட்ட செட்டு. ஆனால் ஏழரை மணி ஆனால் தெருவில் ஈ காக்கை இருக்காது. தப்பு செய்தவன் அரை மணியில் மாட்டிக்கொள்வான் என்ற உறுதி இருக்கிறதே, அது நம் நிஜ வாழ்க்கையில் எங்கே கிடைக்கிறது? இவ்வளவு புரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை. மீசையை அவர் மாதிரி வெட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். "உதட்டுல ஏதாவது காயமா?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

இதற்கிடையில் எங்கள் ஓலை வாசிப்பு தொடங்கிவிட்டது. எங்கள் கத்தோலிக்கர்களிடம் இது ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஃபாதர் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் படித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பார். இரண்டு ஓலை முடிந்து ஒன்றுதான் பாக்கி. இரண்டாவது ஓலை முடிந்த கையோடு ரோஸ்லின் என்னிடம் சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை கண்டிப்பா பாருங்க. டிஸ்பென்சரி கொலை. போன வாரம் பாதியில விட்டுட்டாங்க. யார் கொன்னதுன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்கல."

என் கல்யாணத்துக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். மணப்பெண்ணுக்குச் சோறு இறங்காமல் இருப்பது இன்னொருவரால். அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. சத்யசீலனை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அவர் அவள் வீட்டுக்குள் வருகிற வழி மொட்டை மாடியில் ஒரு குழாயின் உச்சியில் இருந்தது. ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பிவிட்டால் திரையில் வெறும் புள்ளிதான் ஓடும். என் மூளைக்கு அது பெரிய ராஜதந்திரமாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை, தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு (சென்னை ஏப்ரலில்) சாந்தோம் போனேன். எதிர்பார்த்தபடி தெருவில் ஆள் இல்லை, எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் அந்தத் தொடரின் பாட்டு. ரோஸ்லின் வீடு முதல் மாடி. வெளிப்பக்கப் படிக்கட்டில் பூனை மாதிரி ஏறி மொட்டை மாடிக்குப் போய் ஆன்டெனாவைக் கடலைப் பார்க்கத் திருப்பினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. தூர்தர்ஷன் கோபுரம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ஆன்டெனா எந்தத் திசையைப் பார்த்தால் என்ன என்பது, கணக்கு எழுதுகிறவனுக்கு எப்படித் தெரியும்? இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கீழேயிருந்து அவள் குரல் கேட்டது.

"அப்பா, இங்க பாருங்களேன். நிழல் அடிக்குது. சத்யசீலன் ரெண்டு பேரா தெரியறார்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதே சிரிப்பு. அதுவரை எனக்கு எதிரி ஒருத்தன். என் கையாலேயே அவனை இரண்டாக்கியிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் குழாயைப் பிடித்து ஒரே இழு. கட்டியிருந்த கம்பி துருப்பிடித்தது போலிருக்கிறது. குழாய், ஆன்டெனா, ஒயர் எல்லாமாகக் கையோடு வந்துவிட்டது. கீழே டிவி கப்சிப்.

அந்தச் சமயம் பார்த்து எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஆன்டெனாவைக் கழற்றி எடைக்குப் போடுகிற கூட்டம் ஒன்று திரிந்துகொண்டிருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தவர் கண்ணுக்கு, மஃப்ளர் கட்டிய ஒருவன் ஆன்டெனாவும் கையுமாக நிற்பது தெரிந்தது. நான் படியிறங்கி முடிப்பதற்குள் என் சட்டைக் காலர் அவர் கையில்.

"இன்னா நைனா, எங்க தூக்கிக்கினு போறே? கிலோ இன்னா ரேட்டு போவுது இப்ப?"

மேலே ஜன்னலிலிருந்து ரோஸ்லினின் அப்பா எட்டிப் பார்த்தார். மஃப்ளரும் இருட்டும் என்னைக் காப்பாற்றின. "ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்க. கதை பாதியில நின்னு போச்சேன்னு பொண்ணு அழுவறா" என்றார். வாயைத் திறந்து நான் யார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் ஏன் வந்தேன் என்றும் சொல்ல வேண்டுமே. திருடன் என்ற பெயரோடு போய்விடலாம், டிவி ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் என்ற பெயர் வேண்டாம் என்று முடிவு செய்து, சைக்கிள் கடைக்காரருடன் சமர்த்தாக நடந்தேன்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் ஏட்டும் இன்னும் இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு சின்ன டிவியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். திரையில் சத்யசீலன் பென்சிலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஆன்டெனா திருடன் சார்" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

ஏட்டு திரும்பவே இல்லை. "உக்கார வை. இன்னும் யாருன்னு தெரியல."

"இவன்தான் சார்."

"இவனை யார்யா கேட்டா? அங்க, டிஸ்பென்சரில கொன்னவன்."

ஓரமாக என்னை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நிஜத் திருடனை, சரி, நிஜத் திருடன் மாதிரி ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிஜப் போலீஸ் அட்டைப் போலீஸை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. "டாக்டர்தான், முழியே சரியில்ல" என்றார் ஒருவர். "சும்மா இருய்யா, அவர் சொல்வார்" என்றார் ஏட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கேயும் இவர்தானா?

சத்யசீலன் எழுந்தார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கையை நீட்டி வாயைத் திறந்தார். அந்த நொடியில் வாசலில் ஜீப் சத்தம். ஏட்டு பாய்ந்து டிவியை அணைத்து, அதன் மேல் துண்டைப் போட்டு மூடினார். மூன்று பேரும் விறைப்பாக நின்றார்கள். வந்த அதிகாரி, "இவன் யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்க, அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. பெயர், வேலை, பெண் வீட்டு விலாசம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

சிறிது நேரத்தில் வருங்கால மாமனார் வந்தார். கூடவே ரோஸ்லின். மஃப்ளர் இல்லாத என்னைப் பார்த்ததும் அவர் அங்கிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம மாப்பிள்ளைதான் சார்" என்றார், ஒரு பிழையைத் திருத்த முடியாத வாத்தியார் குரலில். பிறகு என்னிடம், "ஏன் மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள், ஆன்டெனாவைப் பார்த்தாள், துண்டு போட்ட டிவியைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவள் முகமே சொன்னது. அழுவாள் என்று நினைத்தேன். கிட்டே வந்து ரகசியமாகக் கேட்டாள்:

"இங்க டிவி ஓடிச்சா? கொன்னது யாரு?"

நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சாமர்த்தியமாக நடந்துகொண்டது அப்போதுதான். "கல்யாணத்தன்னைக்குச் சொல்றேன்" என்றேன்.

வெளியே வந்ததும் மாமனார் என் காது கேட்கவே அவளிடம் சொன்னார். "யோசிச்சுக்கோம்மா. இன்னும் ஒரு ஓலை இருக்கு. சனிக்கிழமைக்குள்ள சொல்லு, ஃபாதர்கிட்ட நிறுத்தச் சொல்லிடறேன்." அந்த வாரம் முழுவதும் ஆபீசில் நான் கூட்டிய கணக்கு எதுவும் டாலி ஆகவில்லை. அவளை இழந்துவிடுவேனோ என்ற பயம் அப்போதுதான் முதல் முறையாக வந்தது. அந்தப் பயத்தில்தான் அவளை எவ்வளவு பிடிக்கும் என்பதே எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு ஆறுதல். கொலைகாரன் பெயர் தெரியாமல் அவள் என்னை விடமாட்டாள். அந்த அட்டை இன்ஸ்பெக்டர் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. (அந்தப் பெயர் எனக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.)

ஞாயிறு பூசையில் ஃபாதர் எங்கள் பெயரைப் படித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். விஷயம் அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்ததால், கோயிலே திரும்பி மாமனாரைப் பார்த்தது. மாமனார் இருமினார். எனக்கு உயிர் போய்விட்டது. வெறும் இருமல்தான். ஓலை முடிந்தது.

கல்யாணத்தன்று பங்குச் சமூகக்கூடத்தில் கேக் வெட்டி, ஒரு துண்டை அவள் வாயில் வைக்கப் போனேன். "சொல்லுங்க" என்றாள். வேறு வழியில்லாமல், ஸ்டேஷனில் அந்தப் போலீஸ்காரர் சொன்னதையே அவள் காதில் சொன்னேன். "டாக்டர்." என் கையிலிருந்த கேக் தெறிக்க அவள் சிரித்தாள். போட்டோக்காரர் அதைப் பிடித்துவிட்டார். எங்கள் ஆல்பத்திலேயே நல்ல படம் அதுதான். வெகுகாலம் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். கல்யாண நாளில்கூட அவள் சிரித்தது அந்த ஆளை நினைத்துத்தானே.

போன வருஷம் எங்கள் மகள் அந்தத் தொடரை இணையத்தில் கண்டுபிடித்தாள். யாரோ ஒரு புண்ணியவான் பழைய கேசட்டிலிருந்து ஏற்றியிருக்கிறார். கீழே பார்த்தால் ஆயிரக்கணக்கானவர்கள் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். மகளும் மருமகனும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத்தான் பார்க்கிறார்கள். "இப்ப வர்றதெல்லாம் ஒரே சத்தம் அத்தை. இவர் எவ்வளவு அமைதியா விசாரிக்கிறார் பாருங்க" என்கிறான் மருமகன். முடி நரைத்தும் எனக்கு எரிகிறது.

ஒரு நாள் டிஸ்பென்சரி கொலை வந்தது. எழுந்து போகப் பார்த்தேன், ரோஸ்லின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சத்யசீலன் எழுந்தார், எல்லோரையும் பார்த்தார், கையை நீட்டினார். கொன்றவன் கம்பவுண்டர்.

எனக்கு வியர்த்தது. "ரோஸ்லின், வந்து... அன்னைக்கு ஸ்டேஷன்ல கடைசியில..."

"எனக்குத் தெரியும்" என்றாள். "மறுநாளே கீழ்வீட்டம்மா பால் வாங்கறப்ப சொல்லிட்டாங்க, கம்பவுண்டர்னு."

"அப்புறம் ஏன் அப்படிச் சிரிச்சே?"

"உங்களைப் பார்த்துத்தான். அவ்ளோ பெரிய சபையில, கையில கேக்கை வச்சுக்கிட்டு, முகமெல்லாம் வேர்த்து, டாக்டர்னு ஒரு பொய் சொன்னீங்க பாருங்க. பொய்கூட ஒழுங்கா சொல்ல வராத ஆளு, தைரியமா குடித்தனம் பண்ணலாம்னு நினைச்சேன்."

அன்றிலிருந்து வீட்டில் எது காணாமல் போனாலும் பழி டாக்டர் மேல்தான். நேற்று எனக்கென்று எடுத்து வைத்திருந்த மைசூர்பாகைக் காணோம். யார் தின்றது என்று சத்யசீலன் மாதிரியே குரலை உயர்த்தாமல் கேட்டேன். மூன்று பேரும் ஒரே குரலில் "டாக்டர்" என்றார்கள். அதில் ஒரு குரல், என் மனைவியுடையது, சரியாக வெளியே வரவில்லை. அவள் வாய் நிறைய இருந்தது.