பிறப்பிலேயே சுதந்திரமானவனுக்குப் பால் இல்லை

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இப்போதைக்கு என்னிடம் மிச்சமிருக்கும் நம்பிக்கை அது ஒன்றுதான்.

உங்கள் மருமகன் பிறந்துவிட்டான். சிறைச்சாலை மருத்துவ அறையில்.

சட்டத்தின் முதல் வரியிலிருந்து கடவுளை எடுக்கச் சொல்லி ஊர்வலம் போனதற்காக என் மனைவியைப் பிடித்தார்கள். ‘கடவுள் படைத்த அனைவரும் பிறப்பிலேயே சுதந்திரமானவர்கள்.’ நீங்கள் சட்டக் கல்லூரியில் நடத்தும் வரி.

அவளுக்குப் பால் சுரக்கவில்லை. சிறையில் பால் இருக்கிறது. கேட்டதற்கு, “கைதிக்குத்தான் பால். உன் பையன் கைதி இல்லையேப்பா” என்றார் சிறை அதிகாரி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “அப்போ அவன் யாருங்க?” “சுதந்திரமானவன். சட்டத்துல முதல் வரியே அதுதானே? எப்ப வேணும்னாலும் கிளம்பலாம், நான் தடுக்கவே மாட்டேன்.” கழுத்தே இன்னும் நிற்கவில்லை, நானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால், சுதந்திரமானவனை அவன் சம்மதம் இல்லாமல் தூக்கிப் போவது கடத்தலாம், சரி, வெளியிலிருந்து பால் வாங்கி வருகிறேன் என்றால், கைதி பெயருக்குத்தான் பொருள் வாங்குவார்களாம், அவள் பெயருக்கே கொடுக்கிறேன் என்றால், கைதியின் பொருளை வெளியாள் குடித்தால் குற்றமாம்.

மனு போடலாம் என்றார் வக்கீல். அந்த முதல் வரியை வைத்துத்தான் போட முடியுமாம்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் கேட்டாள்: “கடவுள் குடுத்தாதான் உண்டா? பசிக்குதுன்னு எழுதினா போதாதா?”

“பசிக்குச் சட்டத்துல வரி இல்லையாம்டி.”

சிரித்தாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மடியில் அவன் அழுதுகொண்டிருந்தான். முந்தைய நாள் இருந்த சத்தம் இல்லை.

அத்தான், நீங்களே வந்து வாதாட வேண்டும். உரிமையைக் கடவுள் கொடுத்தாரா, பிறப்பே கொடுத்ததா, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இவன் சுதந்திரமானவன் என்று நீதிபதி வாயால் சொல்லவைத்து என் கையில் வாங்கித் தாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். அழ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் மைத்துனன்.

பி.கு.: வராதீர்கள். பெண் காவலர் ஒருவர் வழி கண்டுபிடித்துவிட்டார். ஊர்வலத்தில் அம்மா வயிற்றுக்குள் இருந்தபடி இவனும் கலந்துகொண்டான் என்று எழுதி, கைதியாகச் சேர்த்துவிட்டார்கள். பால் வந்தது. வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்குகிறானாம். அவன் சுதந்திரமானவன் என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.