பெருங்காயக் கிடங்குக்கு மேலே ஒரு பீப்பாய்

ஒரு சொட்டு பீர்கூடக் குடிக்காமல் பீருக்காகவே வாழ்ந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். எங்களுக்கு அவர் பட்லர். பெயர் என்று ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்தும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாள் தவறாமல் டயரி எழுதுகிறவன் நான். மழை பிடித்த நேரம், பஸ் வராத நாள், மத்தியானக் கூட்டில் என்ன காய் என்பதெல்லாம் அதில் உண்டு. பட்லரின் பெயர் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மாடி லாட்ஜில் தங்கியிருந்தேன். கீழே மொத்த வியாபாரப் பெருங்காயக் கிடங்கு, மேலே நாங்கள். சட்டை, தலையணை, ஆபீஸ் ஃபைல் எல்லாம் மணக்கும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு ரசம் ஞாபகம் வரும். கிடங்குக்கும் லாட்ஜுக்கும் சொந்தக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து முதலாளி. லாட்ஜில் வெங்காயம் உரிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். கள்ளுக்கடையைக் கடக்கும்போது குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டுதான் நடப்பார், வெயில் இல்லாத நாளிலும்.

இப்படிப்பட்டவரிடம்தான் பட்லர் மேனேஜராக வந்து சேர்ந்தார். டிரங்குப் பெட்டி ஒன்று, பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு ஒன்று, இடுப்புயர மரப் பீப்பாய் ஒன்று. பீப்பாயை இரண்டு சுமட்டுக்காரர்கள் தூக்கிவந்தார்கள். அது முழுக்கப் பருப்பு என்று முதலாளி நினைத்துக்கொண்டார். பட்லர் அவரைத் திருத்தவில்லை.

வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரை ஒருவருக்கு நீண்ட காலம் பட்லராக இருந்தவர் அவர். பிறந்தது நாஞ்சில் நாட்டில். பீப்பாயின் சங்கதியை என்னிடம் மட்டும் சொன்னார்.

"துரைக்க ஊருல அறுவடைக்கு வாற ஆளுவளுக்குப் பண்ணைவீட்டுலயே பீரு காய்ச்சிக் குடுப்பாவளாம், சாரே. இவரும் பார்லிய முளைகட்டி, ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடுத புரையில கொண்டு உணத்துவாரு. பிராந்தி வந்த பீப்பாயில ஊத்தி அடைச்சு வச்சிருவாரு. எஸ்டேட்ட வித்துட்டுப் போறப்ப, ரெண்டு கிறிஸ்துமஸ் கழியட்டும், நான் வந்து குடிக்கேன்னு சொல்லிட்டுப் போனாரு. துரை கூட நின்னு காய்ச்சினதெல்லாம் முன்னால. இந்தப் பீப்பாய் மட்டும் முழுசா நான் செஞ்சதாக்கும்."

"நன்றாக வந்திருக்கிறதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் குடிக்க மாட்டேன்னு கல்யாணத்தன்னைக்கு அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேனே."

அவர் மனைவி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. அதைத் தயக்கத்தோடு நினைவூட்டினேன்.

"அவ போயிட்டா. வாக்கு எங்க போச்சு?"

அப்படியானால் இத்தனை காலம் துரைக்குப் பரிமாறியதில் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று எப்படிக் கண்டுபிடித்தார்? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். துரை 'வெரி குட்' என்றால் அன்றைய பண்டம் குப்பைக்கு. மரியாதைக்காரர் ஆகையால் பிடிக்காததைத்தான் புகழ்வார். பிடித்துவிட்டால் வாயே திறக்காமல் காலி கிளாஸை நீட்டுவார்.

"வாயி பொய் சொல்லும். கை சொல்லாது, கேட்டேளா?"

இதைக் கேட்டதும் எனக்குக் காலைக் காப்பி ஞாபகம் வந்தது. பட்லர் தினமும் காலையில் எனக்குக் காப்பி போட்டுத் தருவார். தேயிலை எஸ்டேட்டில் இருந்தவர் போடும் காப்பி எப்படி இருக்கும்? ஈரக் கோணிச்சாக்கைக் காய்ச்சி வடிகட்டியது போல இருக்கும். அவர் மனம் நோகக் கூடாதே என்று தினமும் "பிரமாதம் பட்லரே" என்பேன். ஏன் அவர் முகம் தினமும் வாடியது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்த பிறகு நிறுத்தலாமா? திடீரென்று புகழாமல் விட்டால் இன்னும் தப்பாகப் போகுமே என்று தொடர்ந்து புகழ்ந்தேன்.

முதல் கிறிஸ்துமஸ் கழிந்து, மழைக்காலம் தொடங்கியபோது ஆபத்து வந்தது. ஏதோ விசேஷ வீட்டில் வடை தின்றுவிட்டு வாயுவோடு மாடியேறிய முதலாளி, பட்லர் அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். ஐம்பது வருஷம் பெருங்காயத்திலேயே ஊறிய மூக்கு அது. அதையும் பீப்பாயின் வாடை எட்டியிருக்கிறது!

"வே பட்லரே, பருப்புக்கு இந்த மணம் கிடையாதே. என்னவே இருக்கு இதுல?"

பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு நான் அப்படியே நின்றேன். எக்சைஸ்காரர்களை விட முதலாளியை நினைத்துத்தான் பயம். பட்லர் கண்ணை மூடித் திறந்தார்.

"அரிஷ்டம், முதலாளி."

திருவனந்தபுரத்தில் அரிஷ்டம் இல்லாத வீட்டு அலமாரி உண்டா? அந்த ஆயுர்வேத மருந்தில் புளித்த வாடை அடித்தால்தான் அசல் என்பார்கள். முதலாளி முகம் மலர்ந்தது.

"எதுக்குள்ளது?"

"வயித்துக்கு."

பட்லர் செய்த ஒரே பிழை அந்த ஒரு சொல். தலைவலிக்கு என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். முதலாளி தன் அவுன்ஸ் கிளாஸைக் கொண்டுவரச் செய்து, கிழக்கே பார்த்து நின்று, மருந்து குடிக்கும் பக்தியோடு குடித்தார். கண் மூடியிருந்தது. சற்று நேரம் கழித்து, ஒரு வார்த்தையும் பேசாமல், கிளாஸை நீட்டினார்.

பட்லர் அந்தக் கிளாஸையே பார்த்தார். தாம் காய்ச்சியது எப்படி வந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஊற்றினார்.

அதன் பிறகு தினமும் அந்தி மயங்கும் நேரத்தில் வாயு வந்தது. ஒரு அவுன்ஸ் இரண்டாகி மூன்றானது. மூன்றாவது உள்ளே போனதும் முதலாளி வேறு மனிதர். வெங்காயத்துக்குச் சட்டம் போட்டவர், ஒரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து, "போவட்டும்வே, நாளைக்கு உள்ளி சாம்பார் வையி. உள்ளி என்ன பாவம் செஞ்சுது?" என்று கண் கலங்கினார். வலியசாலையிலிருந்து அவர் சம்பந்தியும் வந்தார். அவருக்கும் வயிறு சரியில்லை. இருவரும் அருகருகே நின்று, கிழக்கே பார்த்துக் குடித்தார்கள். ஆரோக்கியம் நாளுக்கு நாள் பெருகியது.

பட்லர் காலையில் பீப்பாயைத் தட்டிப் பார்ப்பார், டாக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல மேலிருந்து கீழே. காலி இடம் 'டொக்' என்னும், நிறைந்த இடம் 'தும்' என்னும். 'தும்' மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தது.

"தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிடுங்களேன்" என்றேன்.

"சொல்லத்தான் போறேன், சாரே. வாயி வரைக்கும் வரும். ஆனா கிளாஸ நீட்டினா ஊத்தாம நிக்க எனக்குத் தெரியாதே."

ஒரு சளிக் காலத்தில் எனக்கும் அரை டம்ளர் கிடைத்தது. முதலில் புகை, கொப்பரைக் களத்தைத் தாண்டி நடந்தால் சட்டையில் ஒட்டிவருமே, அவ்வளவு மெல்லியது. பிறகு மரம். கடைசியில் நாக்கின் ஓரத்தில் பழுத்த புளியம்பழத்தின் புளிப்பும், எங்கிருந்தோ ஒரு கருப்பட்டி இனிப்பும். டயரியில் அன்றைக்கு, "சளி. மருந்து சாப்பிட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். பட்லரிடம் சொன்னதோ, பழக்க தோஷம், "பிரமாதம்." அவர் தலையாட்டிவிட்டு டம்ளரை வாங்கிக் கழுவப் போனார்.

இரண்டாவது கிறிஸ்துமஸ் கழிந்து, தையில் ஒரு நாள், பட்லருக்கு எழுதியிருந்தபடியே, சந்துக்குள் டாக்ஸி வந்து நின்றது. கம்பு ஊன்றிய, நெட்டையான கிழ வெள்ளைக்காரர் இறங்கினார். கிடங்கு வாசலில் இரண்டு தும்மல் போட்டுவிட்டு மாடியேறினார். பட்லர் வெள்ளைக் கோட்டைப் போட்டிருந்தார். பொத்தான் எல்லாம் பளபளத்தன. முதலாளி சலவை வேட்டியில் வந்து கை கூப்பினார். தன் அரிஷ்டத்துக்கு இங்கிலாந்திலும் கியாதி என்று அவருக்குப் பெருமை.

காலையில் பட்லர் தட்டிப் பார்த்தபோது அடிவளையம் வரைக்கும் 'டொக்' கேட்டிருந்தது. ஆகவே நானும் இன்னொரு லாட்ஜ்வாசியும் பீப்பாயைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டோம். குழாய்த் திருகைத் திறந்ததும் தேன் நிறத்தில் மெல்ல இறங்கியது. முக்கால் கிளாஸ். அதோடு நின்றது.

துரை முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாக முழுவதையும் குடித்தார்.

"நல்லா இருக்கான்னு கேளும்வே" என்று முதலாளி கிசுகிசுத்தார்.

"பேசாம இருங்க, முதலாளி." முதலாளியை யாரும் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. அவரும் பேசாமல் இருந்தார்.

துரை ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸை நீட்டினார்.

பட்லர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? பரீட்சையில் முதலாவதாக வந்த அன்றைக்கே பள்ளிக்கூடம் இடிந்துவிழுந்தால் ஒரு பையன் எப்படி நிற்பான், அப்படி நின்றார். நாங்கள் பீப்பாயைத் தலைகீழாகவே கவிழ்த்துவிட்டோம். மூன்று சொட்டு விழுந்தது. தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, பட்லர் சொன்னார்: "நோ மோர், சார்."

துரை அவர் தோளில் கை வைத்து வெகு நேரம் நின்றார். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மறுபடி வரவில்லை.

முதலாளி ஒரு வாரம் மாடிக்கு வரவில்லை. அப்புறம் வைத்தியசாலையில் அசல் அரிஷ்டம் வாங்கி ஒரு அவுன்ஸ் குடித்துப் பார்த்து, சந்திலேயே துப்பினார். "இது அரிஷ்டமே இல்லவே!" பீப்பாய் கிடங்குக்குப் போய், பெருங்காயம் போட்டு வைக்கப் பயன்பட்டது. கொஞ்ச நாளைக்கு எங்கள் ரசத்தில் லேசாகப் புகை மணத்தது.

அந்த வருஷமே எனக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் காலையில் பட்லர் வழக்கம்போலக் காப்பி கொண்டுவந்தார். வழக்கம்போல ஈரச் சாக்கு. கடைசி மடக்குவரை குடித்தேன். "பிரமாதம்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, ஒன்றும் பேசாமல் டம்ளரை நீட்டினேன்.

பட்லர் என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விறுவிறென்று உள்ளே போய், பாத்திரத்தோடு வந்து, வழிய வழிய ஊற்றினார்.

அதைப் போல மோசமான காப்பியை அதற்கு முன்னும் பின்னும் நான் குடித்ததில்லை. இன்றைக்கு அவர் எதிரே வந்து நின்றால், மூன்றாவது டம்ளருக்கும் நீட்டுவேன்.