ஐந்தாம் பக்கத்துப் பெரியப்பா

எண் 9, ஏரிக்கரைத் தெரு, மொந்தாரோ (கீழ்த்தளம்)
புதன்கிழமை

மேற்படி முகவரியில் மேல்தளத்தில் வசிக்கும் மரியாதைக்குரிய அண்ணன் ஒரெஸ்தே அவர்களுக்குக் கீழ்த்தளத்துத் தம்பி துல்லியோ வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் லோரெதானாவும் நலம். தாங்களும் நலம் என்பதைக் காலை ஆறு மணிக்கே எங்கள் தலைக்கு மேல் நடமாடும் தங்கள் மரச்செருப்பின் மூலம் அறிந்து மகிழ்கிறோம். எட்டு வருஷம் கழித்து எழுதும் முதல் கடிதம் என்பதால் தபால்தலை ஒட்டி முறைப்படி அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். ஒரே வீட்டுக்குள் போகும் கடிதத்தைத் தபால்காரர் ஊர் முழுக்கக் காட்டிச் சிரித்துவிட்டுத்தான் கொண்டுவருவார் என்று லோரெதானா சொன்னதால் தங்கள் கதவிடுக்கில் செருகுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் தயவுசெய்து ஒரு தடவை படிக்கவும்.

விஷயம் ரொட்டிக்கடையில் தங்கள் காதுக்கு எட்டியிருக்கும். வருகிற பதினான்காம் தேதி நாங்கள் கொலம்பியாவுக்கு விமானம் ஏறுகிறோம். மூன்று பிள்ளைகளைத் தத்தெடுத்து அழைத்துவரப் போகிறோம். மூன்றும் ஒருதாய்ப் பிள்ளைகள். மூத்தவள் யுலெய்தி, பத்து வயது. அடுத்தவன் வில்மர், ஏழு. கடைக்குட்டி சாமுவேல், நாலு. நாலு வருஷமாக இதற்கு அலைந்திருக்கிறோம், அண்ணா. நீதிபதி விசாரித்தார், மனநல டாக்டர் விசாரித்தார், சமூக நல அதிகாரி வந்து எங்கள் குளியலறைக் குழாயைக்கூடத் திறந்து பார்த்தார். என் ரத்தம், கைரேகை, கல்யாணச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் முத்திரை வாங்கி, அந்த முத்திரை நிஜமானதுதான் என்று சொல்லும் இன்னொரு முத்திரையும் வாங்கியாகிவிட்டது. எல்லாம் முடிந்து இப்போது ஒரே ஒரு சிக்கலில் வந்து நிற்கிறது. அந்தச் சிக்கல் தாங்கள்தான்.

கோபப்படாமல் மேலே படிக்கவும். பிள்ளைகள் எங்களை நேரில் பார்ப்பதற்கு முன்னால், எங்கள் வீடு, வாசல், சொந்தபந்தம் எல்லாவற்றையும் போட்டோவாக ஒட்டி ஒரு ஆல்பம் செய்து அனுப்ப வேண்டும், அது வழக்கம். தத்தெடுப்பு அமைப்பிலிருந்து வரும் கவாத்சுத்தி அம்மாள், "குடும்பம் நெறஞ்சு இருக்கணும், பாத்தவுடனே அதுங்களுக்கு ஆசை வரணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். லோரெதானாவுக்கு இருப்பதோ கன்னியாஸ்திரி மடத்தில் ஒரு சித்தி மட்டும். எனக்கு இருப்பது தாங்கள். ஆல்பம் ஒன்பது பக்கம். நிஜமாக எங்களிடம் இருந்த சமாச்சாரம் நாலு பக்கத்தோடு தீர்ந்துபோனது. மிச்சத்தை நான் நிரப்பினேன். மூன்றாம் பக்கத்தில் மருந்துக்கடைக்காரரின் நாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இது நம்ம நாய்" என்று எழுதினேன். ஏழாம் பக்கத்தில் யார் வீட்டுத் தோட்டத்திலோ தொங்கிய ஊஞ்சலை ஒட்டி, "இது உங்க ஊஞ்சல்" என்று எழுதினேன். ஐந்தாம் பக்கத்தில், தாங்கள் ஏரியில் பிடித்த அந்தப் பெரிய மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிற்கும் படம். ஒன்பது வருஷத்துக்கு முன் நான் எடுத்தது. அதற்குப் பின் அப்படித் தாங்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. அதன் கீழே, "இது உங்கள் பெரியப்பா. மேல் மாடியில் இருக்கிறார். தினமும் கீழே வந்து எங்களோடு சாப்பிடுவார்" என்று எழுதி, லோரெதானா பார்ப்பதற்குள் கூரியரில் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் முதல் தடவையாகக் கணினியில் முகம் பார்த்துப் பேசினோம். பிள்ளைகள் இருக்கும் இல்லத்தின் மனநல டாக்டர் அமாலியா, எங்கள் மொழியும் தெரிந்தவர், அவர்தான் இடையில் மொழிபெயர்ப்பார், முதலில் எங்களைத் தனியாக அழைத்து ஒரு விஷயம் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு ஒரு தம்பதி இதே பிள்ளைகளுக்கு ஆல்பம் அனுப்பி, அம்மா அப்பா என்று கூப்பிடச் சொல்லி, டிக்கெட் எடுக்கும் நேரத்தில் மனசு மாறிவிட்டார்களாம். அந்தப் பழைய ஆல்பத்தை யுலெய்தி இன்னும் மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறாளாம். "அந்தப் பொண்ணு சரின்னு சொல்லாம தம்பிங்களும் வரமாட்டாங்க, நாங்களும் அனுப்ப மாட்டோம்" என்றார். அப்புறம் அவளே வந்து உட்கார்ந்தாள். ஒல்லியான பெண், இறுக்கிப் பின்னிய சடை, மடியில் எங்கள் ஆல்பம். வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது. "மூணாவது பக்கம். நாயைக் காட்டுங்க" என்றாள்.

நான் மருந்துக்கடைக்கு ஓடினேன். மருந்துக்கடைக்காரர் நாயோடு மலைக்குப் போயிருந்தார். வெளியே உலவிக்கொண்டிருக்கிறது, அடுத்த வாரம் காட்டுகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். அந்த வாரமே நாய்க் காப்பகத்துக்குப் போய் அதே சாடையில் ஒரு கிழட்டு நாயைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தோம். மறு ஞாயிறு அதைத் தூக்கிக் காட்டினேன். அவள் ஆல்பத்தைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், மறுபடியும் ஆல்பத்தைப் பார்த்தாள். "இதுல வெள்ளைத் திட்டு இடது கண்ணுல இருக்கு. உங்க நாய்க்கு வலது கண்ணுல இருக்கு." கேமராவில் இடம் வலம் மாறித் தெரியும் பாப்பா என்றேன். அவள் தம்பியின் காதில் ஏதோ சொன்னாள். அமாலியா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். மொதல்ல வந்தவங்களும் எதக் கேட்டாலும் ஒரு பதில் வச்சிருந்தாங்கன்னு சொல்றா."

அண்ணா, ரயில்வேயில் இருபத்தெட்டு வருஷம் சிக்னல் பார்த்தவன் நான். அன்றைக்குக் கணினியை அணைக்கும் பொத்தானைக்கூடத் தேடித்தான் கண்டுபிடித்தேன். கணினியை மூடியதும் லோரெதானா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன பொய்டா எழுதியிருக்க?"

"நாலு. அஞ்சா இருக்கலாம்."

"உண்மையச் சொல்லிடலாம் துல்லியோ."

"ஒண்ணச் சொன்னா ஆல்பத்த மொத்தமா மூடி மெத்தைக்கு அடியில போட்டுடுவா. பாத்தேல்ல அவ மூஞ்சிய."

"அப்ப எழுதினதையெல்லாம் நெசமாக்கு. இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. ஏறு மரத்துல."

ஏறினேன். ஊஞ்சல் கட்டினேன். கயிறு தாங்குகிறதா என்று உட்கார்ந்து பார்த்ததில் கிளையோடு சேர்ந்து கீழே வந்தேன். அது தங்களுக்குத் தெரியும், ஏனெனில் நான் மல்லாந்து கிடந்தபோது தங்கள் ஜன்னல் திரை அசைந்தது. மறுபடி வேறு கிளையில் கட்டினேன். மேலும் கீழுமாகப் படுக்கும் மூன்றடுக்குக் கட்டில் ஒன்று ஆறாம் பக்கத்தில் இருந்தது, விளம்பரப் புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டியது. அப்படி ஒரு கட்டில் எந்தக் கடையிலும் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. லோரெதானா தானே பலகை அறுத்து அடித்துவிட்டாள். அந்த மூன்று நாள் சுத்தியல் சத்தத்துக்குத் தாங்கள் மேலிருந்து துடைப்பக் கட்டையால் தட்டிப் பதில் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவள் ஒவ்வொரு பக்கமாகக் கேட்டாள். ஒவ்வொன்றாக நிஜமாக்கிக் காட்டினோம். ஒரு தடவைகூட அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வாள்.

போன ஞாயிறு ஐந்தாம் பக்கம் வந்தது. படத்தைப் பார்த்ததும் சின்னவன் சாமுவேல் மீன் மேல் விரலை வைத்து விழுந்து விழுந்து சிரித்தான். இவ்வளவு நாளில் அந்தப் பையன் வாயைத் திறந்து நாங்கள் பார்த்ததே இல்லை. யுலெய்தி அவனைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். "இவரு தெனமும் உங்களோட சாப்பிடுவாரா?" ஆமாம் என்றேன். "இப்ப அங்க சாப்பாட்டு நேரம். எங்க அவரு?" மீன்பிடிக்கப் போயிருக்கிறார் என்று நான் வாயைத் திறக்கவும், மேலே தாங்கள் வானொலியில் கால்பந்து கேட்டபடி நடுவரை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டவும் சரியாக இருந்தது. அந்த வார்த்தை கொலம்பியா வரைக்கும் கேட்டது. "அது யாரு?" என்றாள். "அவருதான். கூட்டிட்டு வரச் சொல்றேன்" என்று லோரெதானா என்னை முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

எட்டு வருஷம் கழித்து அந்தப் படிகளில் ஏறினேன். பதினேழு படி. தாங்கள் கதவை இரண்டு விரற்கடை திறந்தீர்கள். சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்தது. வாயில் வந்தது வேறு.

"அண்ணே, கொஞ்சம் உப்பு இருக்கா?"

"கடை தொறந்துதான்டா இருக்கு."

கதவு மூடிக்கொண்டது. இறங்கி வந்து, பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். வானொலியில் கோல் விழுந்தது. தாங்கள் குதித்த குதியில் எங்கள் விளக்கு ஆடியது. யுலெய்தி ஆடும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் கோடு போடவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழம அவர மேசையில பாக்கணும். அப்புறம் சொல்றேன்" என்று ஆல்பத்தை மூடிவிட்டாள். பயணத்துக்கு முன் அதுதான் கடைசிப் பேச்சு.

ஆகவே அண்ணா, வருகிற ஞாயிறு மாலை ஏழு மணிக்குத் தாங்கள் கீழே வந்து எங்கள் மேசையில் அரை மணி நேரம் உட்காரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என்னோடு பேச வேண்டாம், என்னைப் பார்க்கவும் வேண்டாம். கேமராவைப் பார்த்தால் போதும். ஒரு தடவை ரொட்டியை என் பக்கம் தள்ளினால் நல்லது. ஒரே ஒரு தடவை பல் தெரியச் சிரிக்க முடிந்தால் மிகவும் நல்லது. லோரெதானா மீன் வாங்கிவைப்பாள், பிடித்தது தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுப்பில் சுட்ட மீனும் சோளக்களியும், தங்களுக்குப் பிடித்தபடி அடிப்பிடித்த பாகத்தோடு. எட்டு வருஷத்துக்கு முன் சான் ரோக்கோ திருவிழாவில் நம் பேச்சையே நிறுத்திய அந்தப் பந்துருட்டும் ஆட்டத்தைப் பொறுத்தவரை, என் பூட்ஸ் பட்டுத்தான் பந்து நகர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரத் தயார். அது காற்றுதான் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. எனக்கு ஐம்பத்தொரு வயதாகிறது, அண்ணா. லோரெதானா அடுக்கிவைத்த சின்னச் சின்னச் சட்டைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. நீங்க வரலன்னா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல.

தங்கள் முழங்கால் வலி குறையவும், தாங்கள் ஆதரிக்கும் அணி அடுத்த ஆட்டத்திலாவது தேறவும், மேலுலகில் இருக்கும் அப்பா அம்மா நம் இருவர் மண்டையிலும் ஆளுக்கொரு குட்டு வைக்காமல் பொறுத்துக்கொள்ளவும் வேண்டுகிறேன். லோரெதானா தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னாள். நாயும் வாலை ஆட்டுகிறது.

தங்கள் அன்புத் தம்பி,
துல்லியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டி, மாடிப்படியில் காலையும் வைத்துவிட்டேன். லோரெதானா கூப்பிட்டாள். அமாலியாவிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது, யுலெய்தி தன் கையால் எழுதியதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அதை அப்படியே தருகிறேன்:

"உங்களுக்கு அனுப்பின போட்டோவுல நாங்க போட்டிருக்கற ஷூ எங்களது இல்ல. இல்லத்துல எல்லாரும் போட்டோவுக்கு அதத்தான் போட்டுக்குவோம். எனக்குக் கணக்கு நல்லா வரும்னு எழுதியிருந்தது பொய். வில்மருக்குக் கோபம் வந்தா கடிப்பான். சாமுவேல் படுக்கையில மூத்திரம் போவான், காலையில நான் மறைச்சிடுவேன். நாங்க சாப்பாட்டத் தலகாணிக்கு அடியில எடுத்து வச்சுக்குவோம். இதெல்லாம் வந்தப்புறம் தெரிஞ்சா அங்கேருந்து திருப்பி அனுப்புவீங்க. அதான் இப்பவே சொல்றேன். இப்பவும் வர்றீங்களா?"

அவள் எங்களைச் சோதிக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணும் எங்களை மாதிரியே ஒவ்வொரு ஞாயிறும் பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள், அண்ணா. லோரெதானா காகிதத்தை எடுத்தாள், நான் சொல்லச் சொல்ல எழுதினாள். வருகிறோம் என்று முதல் வரியிலேயே எழுதச் சொன்னேன். பிறகு ஆல்பத்தில் இருக்கும் நாய் மருந்துக்கடைக்காரருடையது, ஊஞ்சல் நாங்கள் பிறகு கட்டியது, கட்டில் கொஞ்சம் ஆடும் என்று எல்லாவற்றையும் சொன்னோம். கடைசியில் ஐந்தாம் பக்கம். "பெரியப்பா எங்களோடு சாப்பிடுவதில்லை. எட்டு வருஷமாகப் பேச்சே கிடையாது. விளையாட்டில் பந்தைக் காலால் தள்ளிவிட்டு இல்லையென்று சாதித்தது அப்பா." என்னை அப்பா என்று நானே சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை. லோரெதானா எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் தள்ளுபடி செய்துவிடவும். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வர வேண்டிய அவசியம் இல்லை. மீனும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். ஆனால் ஒன்றைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை. அரை மணி நேரத்தில் அவளிடமிருந்து பதில் வந்துவிட்டது. இரண்டே வரி. "பதினாலாம் தேதிதானே? பெரியப்பா பேசலன்னா பரவாயில்ல, நாங்க மேல போய்ப் பேசிக்கிறோம்."

மூன்று பேர், அண்ணா. தங்கள் கதவு இரண்டு விரற்கடையோடு நிற்காது.